ஜோடிக்குக் குறைவு

போனில் முதலில் கேட்பேன்: எத்தனை அறை?
பதிலிலேயே எந்த வண்டி என்று தெரிந்துவிடும்.

வாடகை அறைப் பையன்களுக்குக்
குட்டி லோரி போதும்.
மெத்தை, காற்றாடி, ரைஸ் குக்கர்,
கறுப்புப் பையில் துவைக்காத துணி.
பன்னிரண்டு அங்குல டயர்தான்,
ஆனால் எண்ணுக்குப் பின்னால் ஒரு சி இருக்கும்.
சரக்குக்கென்றே பிறந்தது என்று அர்த்தம்.
அந்த சி இல்லாத கார் டயரில்
சிமெண்டு ஏற்றிய பாலகுருவை
ஜாலான் ஈப்போ கால்வாயிலிருந்து
நாங்கள்தான் தூக்கினோம்.

புதுசாய்க் கட்டிக்கொண்டவர்களுக்கு ஒரு டன்.
பதினைந்து அங்குலம், எட்டு பிளை.
ஐஸ்பெட்டி நின்றபடியே வரும்.
சோபாதான் எந்த வாசலிலும் நுழையாது.

பிள்ளைகள், சாமி மேடை,
யாரும் வாசிக்காத ஆர்மோனியம்
என்று வளர்ந்துவிட்டால்
மூணு டன்.
முன்னால் இரண்டு டயர், பின்னால் நான்கு,
நான்கும் ஜோடி ஜோடியாய்.
வெளி டயரை ஊரே பார்க்கும்.
உள் டயரை வெயிலும் பார்க்காது, போலீசும் குனியாது.
அதனால் செகம்புட் ஆ சாய் கடையில்
பழைய உடம்புக்குப் புதுத்தோல் ஒட்டிய செலுப் டயர்
எப்போதும் உள்ளேதான் போகும்.
பாதி விலை.
வெடிக்கும்வரை சத்தம் போடாது.

அந்தச் சனிக்கிழமை செந்தூல் ஃபிளாட்.
மூன்று அறை என்றார், மூணு டன்னோடு போனேன்.
பாதி வண்டிகூட நிறையவில்லை.
கட்டில் இறங்கி வந்தது, மெத்தை வரவில்லை.
ஆறு நாற்காலியில் மூன்று.
நான்காம் மாடியில் ஒருவர்
கைகட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.
ரோஸ்லான் என்னிடம் கண்ணைக் காட்டினான்.
நான் கயிற்றை இழுத்துக் கட்டினேன்.
யசோதரா முன்சீட்டில் ஏறி
மீன்தொட்டியை மடியில் வைத்துக்கொண்டார்.
உள்ளே கூழாங்கல் மட்டும்.

பெஞ்சாலா டோல் கண்ணில் படும்போது
வெடித்தது.
இடப்பக்கம், உள்ளே.

உள் டயரை எடுக்க
நல்லாயிருக்கும் வெளி டயரை முதலில் கழற்ற வேண்டும்.
ஆறு நட்டு, ஆறிலும் துரு.
தொட்டியைச் சீட்டில் வைத்துவிட்டு இறங்கி வந்து
போன் வெளிச்சம் பிடித்தார்.
சாய்த்து வைத்த டயரின் விலாவை
எழுத்துக்கூட்டி வாசித்தார்.

சிங்கிள் ஆயிரத்து முந்நூத்து இருபது கிலோ.
டூவல் ஆயிரத்து நூத்து எண்பது.
என்னண்ணே, ஒரே டயருக்கு ரெண்டு கணக்கு?

தனியா நின்னா அவ்வளவு தாங்கும்.
ஜோடியில நின்னா இவ்வளவுதான்.

ஜோடின்னா கம்மியா?

கம்மிதான்.
ரோடு எங்க சமமா இருக்கு?
எப்பவும் ஒண்ணு கூடத் தாங்கும்.
நடுவுல சூடு போக வழியில்ல,
கல்லு வேற மாட்டிக்கும்.
அதான் செய்யிறவனே
முதல்லயே கழிச்சு எழுதிடுறான்.

வெளிச்சம் ஜாக்கியை விட்டு
எங்கோ புல்லுக்குப் போனது.
பெரிய லோரி ஒவ்வொன்றும் கடக்கையில்
எங்கள் சட்டை படபடத்தது.

முதல்லயே, என்றார்.
சிரித்த மாதிரி இருந்தது,
முகத்தை நான் பார்க்கவில்லை.
அண்ணே, டோல் காசு நான் குடுக்கணுமா நீங்களா?

வாடகையிலேயே சேர்ந்திருக்கு என்றேன்.

பூச்சோங்கில் மூன்று நாற்காலியையும்
சுவரோரம் வரிசையாய் வைக்கச் சொன்னார்.
பிறகு, வேண்டாம், ஒன்று போதும்,
மற்றது பால்கனிக்கு என்றார்.
இருநூற்றைம்பது வெள்ளி கூலி.
டயருக்கென்று ஐம்பது சேர்த்துத் தந்தார்.
வாங்கிக்கொண்டேன்.

திங்கள் காலை ஆ சாய்
கேட்காமலே ஒரு செலுப் டயரை உருட்டி வந்தான்.
உள்ளேயும் புதுசு போட்டால் எவ்வளவு என்றேன்.
சொன்னான்.
அடுத்த மாசம் பார்க்கலாம் என்று
அதையே மாட்டிக்கொண்டு
செராஸுக்குப் போனேன்.
அங்கே நான்கு அறை,
ஒரு பியானோ.